செக்ரோல் கணினிக்குள் போகும்போது: மாறும் பொருள்களும் ஓஆர்எம் நிரலாக்கமும்

தேயிலைத் தோட்டத்தில் ஒரு தொழிலாளியின் மாதச் சம்பளம் செக்ரோல் என்ற வருகை, சம்பளப் பதிவேட்டில் பிறக்கிறது. காலையில் தொழிலாளர் கூடும் பெரட்டுக்களத்தில் பேர், அதாவது அன்றைய வரவு, விழும். கொழுந்து நிறுத்த பிறகு கிலோ ஏறும். தோட்டம் சொன்ன அளவு எடுக்காவிட்டால் முழு நாள் கூலிக்கான முழுப்பேர், பாதிக் கூலிக்கான அரைப்பேர் ஆகும். தண்ணீருக்கு, சாக்குக்கு என்று கழிவு போகும். மாத முடிவில் இவை எல்லாவற்றையும் கூட்டி, ஈபிஎப்பும் முற்பணமும் சங்கச் சந்தாவும் கழித்தால் மிஞ்சுவதுதான் வீட்டுக்கு வரும் காசு. இலங்கை மலையகத்தில் பட்டிப்பொல, அம்பேவெல பக்கம் காய்கறியும் பால் பண்ணையும்தான் அதிகம். ரயில் பாதையோடு சற்றுக் கீழே இறங்கினால் இரண்டு பக்கமும் தேயிலை. அந்தத் தேயிலைக்குள் வளர்ந்த பிள்ளைகளில் பலர் இன்று கொழும்பிலும் வெளிநாட்டிலும் மென்பொருள் எழுதுகிறார்கள். நாளை ஒரு தோட்டத்தின் செக்ரோலைக் கணினியில் ஏற்றும் வேலை அவர்களில் ஒருவர் கைக்கே வரலாம். அப்போது அவர் முதலில் எதிர்கொள்ள வேண்டிய கேள்வி, ஒரு பதிவை நிரலுக்குள் வைத்து மாற்றும்போது அந்த மாற்றம் எங்கே போகிறது என்பது.

எட்கர் காட் 1970இல் உறவுமுறைத் தரவுத்தளத்தின் அடிப்படையை எழுதி வைத்தார். அந்த உலகத்தில் தரவு என்பது அட்டவணையில் ஒரு வரி. வரியை மாற்ற ஒரே வழி, இந்த அட்டவணையில் இந்த நிபந்தனைக்கு உட்பட்ட வரியில் இந்தப் பத்தியை இப்படி ஆக்கு என்று வாய்விட்டுச் சொல்வது. சொல்லாமல் எதுவும் மாறாது. பொருள் நோக்கு நிரலாக்கம் அப்படி இல்லை. அங்கே பொருள் நினைவகத்தில் உயிரோடு கிடக்கிறது. அதைக் கையில் வைத்திருக்கும் எந்தச் செயற்கூறும், யாருக்கும் சொல்லாமல், அதன் உள்ளே கை வைக்கலாம். இந்த இரண்டு உலகங்களுக்கும் நடுவில் நின்று மொழிபெயர்ப்பதுதான் ஓஆர்எம். மாற்றத்தக்க பொருளைக் கையாள்வதில் வரும் தொல்லைகள் எல்லாம், சத்தமில்லாமல் மாறுகிற ஒன்றைப் பார்த்து, சத்தமாகச் சொல்ல வேண்டிய கட்டளையை ஓஆர்எம் ஊகிக்க வேண்டியிருப்பதால் வருபவை.

ஊகிக்கும் கலைக்கு வயது முப்பதுக்கு மேல் ஆகிவிட்டது. 1990களில் கனடாவின் ஒட்டாவாவில் ஸ்மால்டாக் மொழிக்காகத் தொடங்கிய டாப்லிங்க், 2001இல் கேவின் கிங் தொடங்கிய ஹைபர்னேட், 2004இல் ரூபி ஆன் ரெயில்ஸோடு வந்த ஆக்டிவ் ரெக்கார்ட், 2005இல் ஜாங்கோ, 2006இல் மைக் பேயரின் எஸ்க்யூஎல்ஆல்கெமி என்று வரிசை நீளும். மார்ட்டின் பவுலர் 2002இல் வெளியிட்ட நூல், இவற்றில் சிலவற்றுக்குள் இயங்கும் இரண்டு உத்திகளுக்கு நிலையான பெயர் கொடுத்தது. ஒன்று அடையாள வரைபடம்: ஒரே செஷனுக்குள், அதாவது தரவுத்தளத்தோடு நடத்தும் ஒரே உரையாடலுக்குள், ஒரே வரியை எத்தனை தடவை கேட்டாலும் ஒரே பொருள்தான் திரும்பி வரும். மற்றது வேலை அலகு: எவையெல்லாம் மாறின என்று கணக்கு வைத்திருந்து, கடைசியில் சேர்த்து எழுதும்.

இலங்கையில் இது ஏட்டுச் சுரைக்காய் அல்ல. 2020 ஜனவரியில், நாட்டின் முதல் கொரோனா நோயாளி கண்டறியப்பட்ட அதே மாதத்தில், ஹிஸ்ப் ஸ்ரீலங்கா குழுவினர் சுகாதார அமைச்சோடு சேர்ந்து, டிஹெச்ஐஎஸ்2 என்ற சுகாதாரத் தகவல் மென்பொருளின் மேல் ஒரு கண்காணிப்புத் தொகுதியைக் கட்டினார்கள். பிறகு பல நாடுகள் அதே வழியைப் பின்பற்றின. ஒஸ்லோ பல்கலைக்கழகத்தில் வளர்ந்த டிஹெச்ஐஎஸ்2 ஜாவாவில் எழுதப்பட்டது. அடியில் ஹைபர்னேட், அதற்கும் அடியில் போஸ்ட்கிரெஸ்க்யூஎல். ஒருவரின் பரிசோதனை முடிவு சரியாக ஏறியதா என்பது, கடைசியில் இந்த ஊகம் சரியாக வேலை செய்ததா என்பதில் போய் நிற்கிறது.

ஊகிக்கும் வழிகள் மூன்று. முதலாவது நகல் ஒப்பீடு. வரியைப் பொருளாக்கும்போதே ஹைபர்னேட் அதன் மதிப்புகளைத் தனியாக ஒரு பிரதி எடுத்து வைத்துக்கொள்ளும். எழுத வேண்டிய நேரத்தில் பிரதியையும் பொருளையும் பத்தி பத்தியாக ஒப்பிடும். நிரலாளருக்குச் சுகமான வழிதான். ஆனால் பத்தாயிரம் பொருள்களை ஏற்றினால் பத்தாயிரம் பிரதிகள். ஒன்றை மட்டும் மாற்றினாலும் எல்லாவற்றையும் ஒப்பிட்டாக வேண்டும். இரண்டாவது வழி வாசலில் காவல் வைப்பது. எஸ்க்யூஎல்ஆல்கெமி ஒவ்வொரு பண்பின் மேலும் ஒரு இடைமறிப்பை வைக்கிறது. அதற்குப் புதிய மதிப்பைக் கொடுத்த கணமே இது மாறியது என்று குறித்துக்கொள்கிறது. மூன்றாவது, ஊகிக்கவே வேண்டாம் என்பது. ஜாங்கோவில் நீங்கள் சேவ் என்று சொன்னால், மாறியதோ மாறவில்லையோ, எல்லாப் பத்திகளையும் அது திரும்ப எழுதும்.

வாசலில் வைத்த காவலுக்கு வீட்டின் உள்ளே நடப்பது தெரியாது. இந்த ஓட்டை எப்படிச் சம்பளத்தைத் தின்னும் என்பதை ஒரு கற்பனைப் பதிவை வைத்துப் பார்ப்போம். ஒரு நாளுக்கு மூன்று தடவை கொழுந்து நிறுக்கிறார்கள். நிரலாளர் அந்த மூன்று எடைகளையும் அகராதி வடிவில் தரவை அடக்கும் ஒரே ஜேசான் பத்தியில் வைக்கிறார்: காலை 7, மதியம் 8, மாலை 6. மொத்தம் 21. அன்றைய அளவு 22 கிலோ என்று வைத்துக்கொள்வோம். மாலை எடை 9 என்பதைத் தவறுதலாக 6 என்று ஏற்றியதை உணர்ந்த கிளாக்கர், திரையில் திருத்துகிறார். நிரல் அந்த நாளின் பதிவை எடுக்கிறது, எடைகள் என்ற அகராதிக்குள் மாலை என்ற இடத்தில் 9ஐப் போடுகிறது, திரைக்காக மொத்தத்தைக் கூட்டி வைக்கிறது, கமிட் சொல்லி மாற்றத்தை நிலைப்படுத்தச் சொல்கிறது. திரையில் மொத்தம் 24 என்று தெரிகிறது. முழுப்பேர். கிளாக்கர் திருப்தியோடு ஆபிசைப் பூட்டிவிட்டுப் போகிறார்.

தரவுத்தளத்தில் இன்னும் 6தான் இருக்கிறது. பதிவு என்ற பொருளின் எடைகள் என்ற பண்புக்கு யாரும் புதிய மதிப்புக் கொடுக்கவில்லை. இருந்த அகராதியின் உள்ளேதான் ஒரு எண் மாறியது. காவல்காரன் கண்ணில் எதுவும் படவில்லை, ஆகவே எழுத எதுவும் இல்லை. பிழைச் செய்தியும் இல்லை. மறுநாள் அந்தக் கொழுந்தைப் பறித்த பெண்ணுக்கு அரைப்பேர். அவர் போய்க் கேட்டால், கணினியில் இப்படித்தான் இருக்கிறது என்ற பதில்தான் கிடைக்கும். ஒரு நிரல் உடைந்து நின்றால் யாராவது வந்து பார்ப்பார்கள். இந்தப் பிழை உடைவதில்லை. அதனால்தான் இதை மற்றப் பிழைகளைவிடக் கொடியதாக நான் கருதுகிறேன்.

இதைச் சோதனைகளும் பிடிக்காமல் விடுவதுண்டு. சோதனை நிரல் எடையை மாற்றுகிறது, எழுதச் சொல்கிறது, அதே செஷனில் அதே பதிவைத் திரும்பக் கேட்கிறது. அடையாள வரைபடம் நினைவகத்தில் இருக்கும் அதே பொருளை எடுத்து நீட்டுகிறது. அதில் 9 இருக்கிறது. பச்சை விளக்கு எரிகிறது. மாறும் பொருளைச் சோதிப்பவர் செஷனை முழுவதுமாக மூடிவிட்டு, புதிய செஷனில் மறுபடி படித்துத்தான் ஒப்பிட வேண்டும். இந்த ஒரு பழக்கம் பல மாதத் தலைவலியைத் தவிர்க்கும்.

எஸ்க்யூஎல்ஆல்கெமியின் வரலாற்றிலேயே இந்தத் தடுமாற்றத்தைக் காணலாம். தொடக்கத்தில், மாறக்கூடிய வகை என்று குறித்த பத்திகளை ஒவ்வொரு முறை எழுதும்போதும் முழுவதுமாக ஒப்பிட்டுப் பார்த்தது. பாதுகாப்புத்தான், ஆனால் மெதுவோ மெது. 2011இல் வந்த 0.7 பதிப்பு அந்த வழியை ஓரம் கட்டி, மியூட்டபிள் என்ற நீட்சியைக் கொண்டுவந்தது. சாதாரண அகராதிக்குப் பதிலாக, தனக்குள் ஒரு எண் மாறினால் தன் உரிமையாளருக்குச் சொல்லும் அகராதி அது. மேலே சொன்ன பிழையை அது பிடித்துவிடும். ஆனால் அகராதிக்குள் இன்னொரு அகராதியை வைத்து, அதற்குள் மாற்றினால் மறுபடியும் மௌனம்தான். மேல் தட்டைத் தாண்டி அது பார்ப்பதில்லை. ரெயில்ஸ் 2014 டிசம்பரில் 4.2 பதிப்பில் வேறு வழியில் போனது: தரவுத்தளத்திலிருந்து வந்த மூல வடிவத்தை வைத்திருந்து, இப்போதைய மதிப்பைத் திரும்ப அதே வடிவத்துக்கு மாற்றி ஒப்பிடுகிறது. மைக்ரோசாப்டின் ஓஆர்எம் ஆன இஎப் கோர், எப்படி ஒப்பிடுவது, எப்படிப் பிரதி எடுப்பது என்று நிரலாளரையே எழுதித் தரச் சொல்கிறது.

ஹைபர்னேட்டிலும் இதே பள்ளம் வேறு உருவில் இருக்கிறது. சொந்தமாக ஒரு தரவு வகையை எழுதுபவரிடம், இது மாறக்கூடியதா, இதை ஆழமாகப் பிரதி எடுப்பது எப்படி என்று அது இரண்டு கேள்விகள் கேட்கும். அவசரத்தில், பிரதி எடுக்க வேண்டிய இடத்தில் அதே பொருளையே திருப்பிக் கொடுத்துவிட்டால், பழைய பிரதியும் புதிய பொருளும் ஒன்றே ஆகிவிடும். தன்னோடு தன்னை ஒப்பிட்டால் வித்தியாசம் எப்படி வரும்? எழுத வேண்டியது எதுவும் இல்லை என்ற முடிவுதான் என்றைக்கும் வரும்.

திருத்த வழிகள் உண்டு. அகராதியின் உள்ளே கை வைக்காமல், புதிய அகராதி ஒன்றைச் செய்து முழுவதையும் மாற்றிப் போடலாம். மாறியது என்று கைப்படக் கொடி காட்டலாம். தன்னைத் தானே அறிவிக்கும் அகராதியைப் பயன்படுத்தலாம். இவை எல்லாவற்றையும்விட, எடையை ஜேசானுக்குள் வைக்காமலே இருப்பது மேல். ஒவ்வொரு தடவை நிறுப்பதும் ஒரு நிகழ்வு. நேரம் உண்டு, மலை உண்டு, நிறுத்தவர் உண்டு. அது தன் சொந்த வரியில் இருக்கத் தகுதி பெற்றது. போஸ்ட்கிரெஸ்க்யூஎல் 2014இல் 9.4 பதிப்பில் ஜேசான்பி வகையைக் கொடுத்த பிறகு, எதையும் உள்ளே தள்ளிவிடலாம் என்ற மனப்பான்மை பரவிவிட்டது. டிஹெச்ஐஎஸ்2 தன் நிகழ்வு மதிப்புகளை ஜேசான்பியில் வைப்பதற்குக் காரணம் இருக்கிறது: ஒவ்வொரு நாடும் ஒவ்வொரு நோய்க்கும் தன் படிவத்தைத் தானே வடிவமைக்கும், பத்திகளை முன்கூட்டி அறிய முடியாது. கொழுந்து எடைக்கு அந்த நிலைமை இல்லை. பணமாக மாறும் எண்ணுக்குத் தனிப் பத்தியும் தனி வரியும் வேண்டும் என்பதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

இதுவரை சொன்னது எழுத வேண்டியது எழுதப்படாமல் போவது. எழுதக்கூடாதது எழுதப்பட்டுவிடுவதும் உண்டு. சம்பளச் சீட்டை ஆங்கிலத்தில் அச்சிட வேண்டும் என்று நினைத்த ஒருவர், தொழிலாளி என்ற பொருளை ஏற்றி, அச்சுக்காக மட்டும் அதன் பெயர்ப் பண்பில் ஆங்கில எழுத்துக்கூட்டலைப் போடுகிறார். அவரைப் பொறுத்தவரை அது ஒரு தற்காலிக மாற்றம். ஆனால் செஷன் திறந்திருக்கிறது. அதே வேலைக்குள் பிறகு எங்கோ ஒரு கமிட் நடக்கிறது. வேலை அலகு தன் கடமையைச் செய்கிறது. பதிவேட்டிலிருந்த தமிழ்ப் பெயர் போய்விடுகிறது.

மலையகத்தில் பெயர் எழுத்துக்கூட்டல் சின்ன விஷயம் அல்ல. 1948 குடியுரிமைச் சட்டம், 1964 சிறிமா சாஸ்திரி ஒப்பந்தம், 2003 குடியுரிமை வழங்கும் சட்டம் என்று இந்த மக்கள் தங்களை நிரூபிக்கக் காகிதத்தோடு மல்லாடிய வரலாறு நீண்டது. பிறப்புச் சான்றிதழில் ஒரு எழுத்து, அடையாள அட்டையில் ஒரு எழுத்து, ஈபிஎப் கணக்கில் வேறு எழுத்து என்று இருந்தால், ஓய்வு பெற்ற பிறகு சொந்தப் பணத்தை எடுக்க அலைய வேண்டியவர் அந்தத் தொழிலாளிதான். அதனால் படிக்க மட்டும் வந்த நிரல் பகுதிக்கு மாற்றத்தக்க பொருளைக் கொடுக்கவே கூடாது. ஹைபர்னேட்டில் படிக்க மட்டும் என்று குறித்த வினவல்கள் உண்டு. ஒப்பீட்டுப் பிரதி எடுக்காததால் நினைவகமும் மிச்சம். ஜாங்கோவில் வேல்யூஸ் என்று கேட்டால் வெறும் மதிப்புகள் வரும். ஸ்பிரிங் பூட், வலைப்பக்கம் முழுவதும் உருவாகி முடியும்வரை செஷனைத் திறந்தே வைப்பதை இயல்புநிலையாகக் கொண்டிருக்கிறது. தொடங்கும்போது அதைப் பற்றி எச்சரிக்கையும் எழுதுகிறது. அந்த எச்சரிக்கையைப் படித்து, அதை அணைத்து வைப்பது நல்லது.

அடுத்தது பகிர்வு. 2021 மார்ச்சில் தோட்டத் தொழிலாளரின் நாட்கூலி 1000 ரூபாய் ஆனது: அடிப்படைச் சம்பளம் 900, வரவுசெலவுத் திட்டக் கொடுப்பனவு 100. பல ஆண்டுப் போராட்டத்தின் பலன் அது. ஒரு சம்பள நிரலில் கூலி விகிதம் என்று ஒரே ஒரு பொருள் இருக்கிறது, எல்லா நாட்பதிவுகளும் அதையே சுட்டுகின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். மார்ச்சில் யாரோ அந்தப் பொருளின் உள்ளே அடிப்படைச் சம்பளத்தைப் புதுத் தொகைக்கு மாற்றுகிறார். அந்த நொடியே பெப்ரவரியும் ஜனவரியும் புது விகிதத்துக்கு மாறிவிட்டன. பழைய சம்பளச் சீட்டை மறுபடி எடுத்தால் தொகை பொருந்தாது. நிலுவை எவ்வளவு என்று கணக்கிட அடிப்படையே இல்லாமல் போகிறது. கூலி உயர்வு எந்தத் தேதியிலிருந்து நடைமுறைக்கு வரும் என்பதற்காகவே தொழிற்சங்கங்கள் வாதாடிய நாட்டில், தேதியே இல்லாத கூலி விகிதம் ஒரு பொய்க்கணக்கு.

மென்பொருள் வடிவமைப்பாளர் எரிக் எவன்ஸ் 2003இல் பொருள்களை இரண்டாகப் பிரித்தார். தொழிலாளி என்பவர் அடையாளம் உள்ளவர். முகவரி மாறினாலும் அவர் அவரே. கூலி விகிதம் என்பது வெறும் மதிப்பு. 900 என்பது 901 ஆனால் அது வேறு விகிதம், பழையதன் மாறிய வடிவம் அல்ல. மதிப்புகளை மாறாதவையாக வைத்துவிட்டால் அவற்றை ஆயிரம் பேர் பகிர்ந்தாலும் ஆபத்தில்லை. புது விகிதம் வந்தால் தொடங்கும் தேதியோடு புது வரி. பழையதற்கு முடியும் தேதி. எஸ்க்யூஎல் 2011 தரப்பாடு இப்படிக் காலம் சுமக்கும் அட்டவணைகளுக்கு மொழியிலேயே இடம் கொடுத்தது.

பகிர்வுப் பிழைகளில் சின்னவை பல. பைத்தானில் ஒரு பத்தியின் இயல்புமதிப்பாக வெறும் அகராதியை எழுதி வைத்தால், எல்லாப் புதுப் பொருள்களும் ஒரே அகராதியைக் கையில் பிடித்திருக்கும். ஜாங்கோ இதைக் கண்டால் எச்சரிக்கும், இயல்புமதிப்பைச் செய்து தரும் செயற்கூறைக் கேட்கும். நேற்றைய பதிவைப் பிரதி எடுத்து இன்றையதைத் தொடங்கும்போது, கழிவுப் பட்டியலைச் சுட்டியாக மட்டும் பிரதி எடுத்தால், இன்றைய கழிவு நேற்றும் கழியும். ஜாவாவின் பழைய டேட் வகை மாறக்கூடியது. அதை வெளியே கொடுத்தவருக்குத் தெரியாமலே வாங்கியவர் தேதியை மாற்றலாம். 2014இல் ஜாவா 8 கொண்டுவந்த புதிய தேதி வகைகள் மாறாதவை. பழையதைப் பயன்படுத்த இன்று ஒரு காரணமும் இல்லை. மாறக்கூடிய பண்பை வைத்து ஹாஷ் கணக்கிட்டு, பொருளை ஒரு செட்டுக்குள் போட்டால், பண்பு மாறியதும் அது அங்கேயே இருந்தும் தேடினால் கிடைக்காது. தரவுத்தளம் தரும் எண்ணைச் சாவியாக வைத்தவர்கள், புதிய பொருளை முதல் தடவை எழுதும்போதே இதில் விழுவார்கள்.

ஒரே பொருளை இரண்டு பேர் இரண்டு கணினியில் திறந்து வைத்திருப்பது தனிக் கேள்வி. ஒருவர் மாலை எடையைத் திருத்துகிறார், மற்றவர் கழிவைத் திருத்துகிறார். இருவர் கையிலும் இருப்பது காலையில் எடுத்த பிரதி. ஜாங்கோவும், தனியாகச் சொல்லாவிட்டால் ஹைபர்னேட்டும், எல்லாப் பத்திகளையும் சேர்த்தே எழுதும். ஆகவே இருவரும் வேறு வேறு பத்திகளைத் தொட்டிருந்தாலும், பின்னால் எழுதியவர் முன்னால் எழுதியவரின் திருத்தத்தை அழித்துவிடுவார். பரிவர்த்தனைக்குள் வைத்துவிட்டோமே என்ற நிம்மதி இங்கே செல்லாது. போஸ்ட்கிரெஸ்க்யூஎல் இயல்பாக ஓடும் தனிமை மட்டத்தில் இது தடுக்கப்படாது. மைஎஸ்க்யூஎல் அதைவிட ஒரு படி மேலான மட்டத்தில் இயல்பாக ஓடினாலும் அங்கேயும் தப்பிவிடும்.

இதற்கு ஒரு தீர்வைப் பட்டிப்பொல ரயில் நிலையத்தில் நின்று பார்க்கலாம். கடல் மட்டத்திலிருந்து 1891 மீட்டர் உயரத்தில், இலங்கையின் மிக உயரமான நிலையம் அது. அதற்கும் ஒஹியவுக்கும் இடையில் பாதை மலையுச்சிச் சுரங்கத்துக்குள் நுழைந்து மத்திய மாகாணத்திலிருந்து ஊவாவுக்குப் போகிறது. ஒற்றைத் தண்டவாளம். பனிமூட்டத்தில் எதிரே வருவது தெரியாது. அதனால் இந்தப் பாதையில் நெடுங்காலமாக டேப்லட் முறை: இரண்டு நிலையத்திலும் மின்கம்பியால் பிணைத்த கருவிகள், ஒரு வில்லை வெளியே வந்துவிட்டால், அது ஏதாவது ஒரு முனையில் திரும்பப் போடப்படும்வரை அடுத்த வில்லை வெளியே வராது. வளையத்தில் கோத்த பையில் அந்த வில்லை தன் கைக்கு வராமல் எஞ்சின் ஓட்டுநர் அந்தப் பகுதிக்குள் நுழையக்கூடாது. 1874இல் இங்கிலாந்தின் தோர்ப் என்ற இடத்தில் இரண்டு ரயில்கள் நேருக்கு நேர் மோதிப் பலர் இறந்த பிறகு எட்வர்ட் டையர் உருவாக்கிய முறை இது. தரவுத்தளத்தில் இதற்கு இணையானது, வரியைப் படிக்கும்போதே பூட்டிக்கொள்வது. பூட்டு வைத்திருப்பவர் முடிக்கும்வரை அடுத்தவர் காத்திருக்க வேண்டும். சுரங்கத்துக்குள் மோதிவிட்டுப் பிறகு சரிசெய்ய முடியாது என்பதால் ரயிலுக்கு இதுதான் வழி. மாத முடிவில் சம்பளத்தை மூடும் பத்து நிமிட வேலைக்கும் இது பொருந்தும். ஆனால் கிளாக்கர் ஒருவர் பதிவைத் திறந்து வைத்துவிட்டுச் சாப்பிடப் போனால், ஆபிசே நின்றுவிடும்.

குங், ராபின்சன் என்ற ஆய்வாளர்கள் இருவரும் 1981இல் இன்னொரு பாதையைக் காட்டினார்கள்: பூட்டாமல் வேலை செய், முடிவில் மோதல் நடந்ததா என்று பார். ஓஆர்எம்களில் இது பதிப்பு எண்ணாக வந்தது. ஒவ்வொரு வரிக்கும் ஒரு எண். எழுதும்போது, நான் படித்தது பதிப்பு 4, இப்போதும் 4ஆக இருந்தால் மட்டும் எழுதி 5 ஆக்கு என்று நிபந்தனை. இடையில் யாராவது மாற்றியிருந்தால் எழுதப்பட்ட வரிகள் பூச்சியம் என்று பதில் வரும். ஹைபர்னேட்டும் எஸ்க்யூஎல்ஆல்கெமியும் அதை ஒரு விதிவிலக்காக எறியும். ஜாங்கோவில் இது உள்ளமைந்து வரவில்லை, நாமே கட்ட வேண்டும். எடை, சம்பளம் சம்பந்தப்பட்ட அட்டவணைகளில், வரிகளை மாற்ற அனுமதிக்கும் எதுவும் பதிப்பு எண் இல்லாமல் இருக்கக்கூடாது என்பது என் கருத்து. ஆனால் அந்த விதிவிலக்கைப் பிடித்து, தானாகவே மறுபடி எழுத வைக்கும் நிரலை நான் பார்த்திருக்கிறேன். அது பதிப்பு எண்ணையே அர்த்தமற்றதாக்கிவிடும். மோதல் வந்தால் இரண்டு மதிப்புகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து மனிதரிடம்தான் கேட்க வேண்டும். வெறும் கூட்டலாக இருந்தால், பொருளை ஏற்றிக் கூட்டித் திரும்ப எழுதாமல், இருப்பதோடு 9ஐக் கூட்டு என்று தரவுத்தளத்திடமே சொல்லிவிடலாம்.

சிக்னல் எட்டாத மலையில் கைக்கருவியில் கொழுந்தை நிறுத்து, கீழே வந்த பிறகு சேர்க்கும் முறையில் இந்தச் சிக்கல் பன்மடங்காகும். காலையில் பிரிந்த பொருள் மாலையில் பழைய மதிப்புகளைச் சுமந்துகொண்டு வந்து, மெர்ஜ் என்ற ஒரு அழைப்பில், நடுவில் ஆபிசில் நடந்த எல்லாவற்றையும் மூடிவிடும். கருவியிலிருந்து வருவது மாறிய பொருளாக இருக்கக்கூடாது. நிறுத்த நிகழ்வாக, கருவியே இட்ட தனி அடையாளத்தோடு வர வேண்டும். ஒரே நிகழ்வு இரண்டு தடவை வந்தாலும் ஒரு தடவைதான் ஏறும். எதையும் அது அழிக்காது.

பரிவர்த்தனை பின்வாங்கும்போதும் கவனம் தேவை. தரவுத்தளம் பழைய நிலைக்குப் போய்விடும், நினைவகத்திலுள்ள பொருள் போகாது. எஸ்க்யூஎல்ஆல்கெமி பின்வாங்கலுக்குப் பிறகு பொருள்களைக் காலாவதியாக்கி மறுபடி படிக்க வைக்கிறது. ஹைபர்னேட்டில் விதிவிலக்கு வந்த செஷனைத் தூக்கி எறிந்துவிட வேண்டும். அதன் பொருள்களைத் தொடர்ந்து பயன்படுத்துவது தவறு.

இவை எல்லாவற்றையும் பார்த்த சிலர், மாற்றமே வேண்டாம் என்று முடிவெடுத்தார்கள். 2012இல் ரிச் ஹிக்கி குழுவினர் வெளியிட்ட டேட்டாமிக் தரவுத்தளம் பழையதை அழிப்பதில்லை, புது உண்மைகளைச் சேர்த்துக்கொண்டே போகிறது. நிகழ்வுகளை மட்டும் சேமித்து நிலையை அவற்றிலிருந்து கணக்கிடும் பாணியும் அதே திசைதான். கணக்காளர்களுக்கு இது புதிதல்ல. பேரேட்டில் அழிப்பான் கிடையாது, எதிர்ப் பதிவுதான் உண்டு. ஆனால் இரண்டு மூன்று பேர் சேர்ந்து நடத்தும் ஒரு தோட்ட மென்பொருளை முழுக்க முழுக்க இப்படிக் கட்டுவது சுமை. தொலைபேசி எண், தொழிலாளர் குடியிருப்பான லயத்தின் அறை எண், வங்கிக் கிளை எல்லாம் மாறட்டும். பதிப்பு எண்ணும், யார் மாற்றியது என்ற குறிப்பும் போதும். எடை, பேர், கழிவு, கூலி விகிதத்தின் தொகை, கொடுத்த சம்பளம் ஆகிய ஐந்தும் எழுதிய பிறகு மாறக்கூடாது.

மொழிகளும் இப்போது துணைக்கு வருகின்றன. பைத்தானில் உறைந்த டேட்டாகிளாஸ் எழுதலாம். ஜாவாவில் 2021இல் 16ஆம் பதிப்பில் நிலைபெற்ற ரெக்கார்ட் வகையை, ஹைபர்னேட் 6.2 முதல் உட்பதிந்த மதிப்பாகவே வைக்க முடிகிறது. அடையாளமுள்ள பொருளாக அதைப் பயன்படுத்த முடியாது; மதிப்புக்கும் அடையாளத்துக்கும் இடையிலான கோட்டை அந்தத் தடையே வரைந்து காட்டுகிறது. மாறும் பொருள்களிலும், பண்புகளை எல்லோரும் தொடும்படி விடாமல், எடையைத் திருத்து, விடுமுறையைப் பதி என்று பெயருள்ள செயற்கூறுகள் வழியாக மட்டும் மாற்றம் நடக்கும்படி எழுதினால், யார் எங்கே மாற்றுகிறார்கள் என்று தேட ஒரே இடம் போதும்.

நிரலில் மட்டும் காவல் வைத்தால் போதாது. ஓஆர்எம் ஒரு கதவுதான். அறிக்கை எழுதுபவர், தரவை நகர்த்துபவர், அவசரத்துக்கு நேரே வினவல் அடிப்பவர் என்று மற்றக் கதவுகளும் இருக்கின்றன. எடை அட்டவணையில் நிரலின் பயனர் கணக்குக்குச் சேர்க்கும் உரிமையும் படிக்கும் உரிமையும் மட்டும் கொடுத்து, மாற்றும் உரிமையையும் அழிக்கும் உரிமையையும் தரவுத்தளத்திலேயே எடுத்துவிட வேண்டும். அப்போது மாலை எடை 6 என்பது 6ஆகவே இருக்கும். திருத்தம் இன்னொரு வரியாக வரும்: கூட்டல் 3, முதல் ஏற்றியதில் தவறு, திருத்தியவர் இன்னார், நேரம் இது. மொத்தம் கேட்டால் 24. மாத முடிவில் இந்த இரண்டு வரிகளையும் தமிழில் சம்பளச் சீட்டின் பின்பக்கம் அச்சிட, படிக்க மட்டும் என்று குறித்த ஒரு சின்ன வினவல் போதும்.